சால்னாவுக்கு ஒரு தூக்குச்சட்டி

சனிக்கிழமை எங்கள் பட்டாசு கம்பெனியில் சம்பள நாள். அன்றைக்குச் சாயங்காலம் நாரணாபுரத்தில் பாதி வீடுகளில் அடுப்பு பற்றாது. வேன் முக்கில் வந்து நின்றதும் நாங்கள் நேரே பரோட்டாக் கடைக்குத்தான் போவோம். ஒரு கையில் மதியச் சோறு கொண்டுபோன தூக்குச்சட்டி காலியாக ஆடும். இன்னொரு கையில் கொதிக்கிற சால்னா, பிளாஸ்டிக் கவரில், தொளதொளவென்று தொங்கும். காலிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே குழம்பைக் கவரில் வாங்குகிற இந்தக் கூத்து எங்களில் ஒருத்திக்கும் உறைத்ததில்லை.

எனக்கு உறைத்தது ஒரு மழைக்காலத்தில். கவரின் அடி பிய்த்துக்கொண்டு சால்னா முழுவதும் என் பாதத்தில் கொட்டியது. கொப்புளித்த காலோடு நொண்டி நொண்டித் தெருவுக்கு வந்தால், வாறுகால் அடைத்துச் சாக்கடைத் தண்ணீர் வாசல் வரைக்கும் நிற்கிறது. ஒரு கம்பை எடுத்துக் குத்திப் பார்த்தேன். வந்ததெல்லாம் சால்னா கவர். மஞ்சள் எண்ணெய் அப்படியே ஒட்டியிருந்தது. வேறு யாரைத் திட்ட முடியும்? நாங்கள் தின்று போட்டதுதானே.

இனி என் வீட்டுக்குள் அந்தக் கவர் வராது என்று அங்கேயே நின்று முடிவு செய்தேன். நான் ஒன்றைப் பிடித்தால் விட மாட்டேன். அம்மா அதைத் திமிர் என்பாள். அவளிடமிருந்து வந்ததுதான்.

அடுத்த சனிக்கிழமை கம்பெனிக் குழாயிலேயே தூக்குச்சட்டியைப் பளபளவென்று தேய்த்துக் கழுவிக்கொண்டேன். கடைக்காரர் கையில் கொடுத்ததும் இதில் அளவு தெரியாதே என்று கொஞ்சம் முனகினார். முனகிவிட்டு, கவரில் தருவதைவிட ஒரு கரண்டி கூடவே ஊற்றினார். கூட வந்த பெண்கள் விடுவார்களா? சூலக்கரை கலெக்டர் ஆபீசில் கூப்பிட்டு எனக்கு மெடல் குத்தப் போகிறார்களாம். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று மூடியை அழுத்தி மூடிக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் அம்மா இலையைப் பிரித்துப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். தீப்பெட்டி கம்பெனியில் காலமெல்லாம் உழைத்து ஓய்ந்தவள். சனிக்கிழமைப் பரோட்டா என்றால் அவளுக்கு உயிர். நான் தூக்கைத் திறந்து ஊற்றப் போனதும் அவள் கை நின்றுவிட்டது.

"சட்டியைக் கொண்டு போயா வாங்குன? எங்கன நின்னு வாங்குன?"

நான் பெருமையாக வாறுகால் கதையை ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை. எழுந்துபோய்ப் பழைய சோற்றைப் பிழிந்து, ஊறுகாயோடு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் சொன்னாள்.

அம்மா பிறந்தது காரியாபட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில். அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பம். அந்த ஊர் டீக்கடையில் எங்கள் சாதிக்காரர்களுக்குக் கிளாஸ் கிடையாது. வீட்டிலிருந்து சட்டி கொண்டுபோக வேண்டும். வெளியே கிடக்கும் பலகையில் அதை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அந்தக் கடைக்காரர்களுடைய பாத்திரம் நம் சட்டியில் பட்டுவிடாமல் உயரத் தூக்கி ஊற்றுவார்கள். அவர்கள் உள்ளே போன பிறகுதான் எடுக்கலாம். தன் அப்பாவுக்கு டீ வாங்க அப்படிப் போய் நின்றவள் என் அம்மா. கல்யாணமாகி நாரணாபுரம் வந்து, முதல் சம்பளத்தில் இந்த முக்குக் கடையில் பரோட்டா வாங்கியபோது, முன்னால் நின்ற ஆளுக்குக் கொடுத்த அதே மாதிரிக் கவரை அவள் கையிலும் கொடுத்தார்களாம்.

"கவருக்கு ஆளு தெரியாது. எல்லாருக்கும் ஒண்ணு. நீ மறுபடியும் சட்டியத் தூக்கிட்டுப் போயி நிக்கிற" என்றாள்.

என் கால் கொப்புளமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அந்த வாரம் முழுக்கக் கம்பெனியில் பெட்டி அடைத்துக்கொண்டே அந்தப் பலகையை நினைத்துப் பொருமினேன். கவருக்கே திரும்பிவிடலாமா என்றும் யோசித்தேன். மனசு ஒப்பவில்லை. எவனோ செய்த அசிங்கத்துக்கு என் சட்டி ஏன் வெட்கப்பட வேண்டும்? ஆனால் நான் சால்னாவில் ஊறிய பரோட்டாவைத் தின்ன, அம்மா பக்கத்தில் பழைய சோறு தின்பதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அப்படியே சில சனிக்கிழமைகள் போயின. அவளும் இறங்கி வரவில்லை, நானும் வரவில்லை.

கடைசியில் ஒரு நாள் அவளையே கடைக்குக் கூப்பிட்டேன். அவர் என் கையிலிருந்துதான் சட்டியை வாங்குகிறார், நேரில் வந்து பார், அதன் பிறகும் கவர்தான் வேண்டுமென்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். முதலில் முடியாது என்றாள். சனிக்கிழமை நான் வேனை விட்டு இறங்கினால், நல்ல சேலை கட்டிக்கொண்டு முக்கில் நிற்கிறாள். முந்தானைக்குள் அவளுடைய பழைய தூக்குச்சட்டி.

கடையில் சரியான கூட்டம். கடைக்காரர் இரண்டு கையும் மாவுமாகப் பரோட்டா வீசிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் வெளியே கிடந்த பெஞ்சுப் பலகையைத் தாடையால் காட்டினார்.

"அதுல வச்சுட்டு அங்கிட்டு நில்லுங்கம்மா, ஊத்தி வைக்கேன்."

அவசரத்தில் யாரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்து அம்மாவின் கையிலிருந்து சட்டியை வாங்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். பலகையைப் பார்த்தாள். பிறகு கடைக்காரர் முகத்தைப் பார்த்தாள்.

"பலகையில வைக்க மாட்டேன் தம்பி. கையில வாங்குங்க."

குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் கூட்டமே திரும்பிப் பார்த்தது. கடைக்காரருக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த மனிதர்தான், எப்படிப் புரியாமல் போகும்? இடுப்புத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு கையாலும் சட்டியை வாங்கினார்.

அம்மா கரண்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது சட்டிக்குள் இறங்கியது, விளிம்பில் இடித்தது, ஒட்டியிருந்ததை வழித்துவிட்டு வெளியே வந்தது. மூடியைப் போட்டு அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வீடு வரைக்கும் நான் எத்தனை கேட்டும் அவள் அதை என்னிடம் தரவில்லை. முந்தானைக்குள்ளும் வைக்கவில்லை.

அன்றைக்கு என் தட்டுக்கும் சேர்த்து அவள்தான் ஊற்றினாள். வயிறார, தட்டை வழித்துச் சாப்பிட்டாள். எனக்குத்தான் கண் கலங்கியது, காரம் அதிகம் என்று ஏதோ உளறினேன். அவள் கண்டுகொள்ளவில்லை. காலிச் சட்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது சின்னது. அடுத்த வாரம் பெரிய சட்டியா எடுத்துட்டுப் போவோம்" என்றாள். "அவன் ரெண்டு கையாலயும் வாங்கணும்ல."