ஏரியில் இல்லாத வருடங்கள்

அண்ணனின் நிலம் வரதய்யபாளையத்துக்குக் கிழக்கே, பழவேற்காட்டுக் காயலை ஒட்டிய ஓர் ஏரியின் பாசனத்தில் இருந்தது. பக்கத்தில் உப்புநீர் தேக்கும் இறால் குட்டை வந்த பிறகு கிணறு கரித்தது, நெல் நுனி கருகியது. இந்த ஏரி என்றைக்குமே உப்புதான் என்றார் குட்டைக்காரர். உப்பு எப்போது வந்தது என்று காட்டினால் வழக்கு நிற்கும் என்றார் திருப்பதி வக்கீல்.

காட்டக்கூடியவள் வீட்டிலேயே இருந்தாள். அண்ணன் மகள் திருப்பதியில் மண்ணியல் ஆராய்ச்சி செய்கிறாள். சேற்றில் ஸ்ட்ரான்சியம், பேரியம் என்ற தனிமங்கள் மிகச் சொற்பமாக இருக்கும். கடல்நீர் புகுந்த சேற்றில், பேரியத்தோடு ஒப்பிட்டால் ஸ்ட்ரான்சியம் ஏறியிருக்கும்; நல்ல தண்ணீரில் படிந்ததில் இறங்கியிருக்கும். அடுக்கடுக்காக அந்த விகிதத்தைப் பார்த்தால் ஏரிக்கு என்ன நடந்தது என்று தெரியும்.

ஏரி வற்றியதும், அடுக்கு கலையாமல் சேற்றை எடுக்கப் பிளாஸ்டிக் குழாயை அடித்து இறக்கினோம்.

"சேத்த அளக்கவா இத்தினி வருசம் படிச்ச?" என்றார் அண்ணன்.

"நீ சேத்துலயே நின்னுக்கினு இருந்தியே நைனா, உனுக்கு இன்னா தெரிஞ்சுது?"

அண்ணன் சிரித்தார். கிணறு கரித்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சில மாதம் கழித்து முடிவோடு வந்தாள். குழாய் முழுக்க நல்ல தண்ணீர்ச் சேறுதான். ஆனால் எல்லாமே பழையது. காற்றிலிருந்து இறங்கிப் புதுச் சேற்றில் தங்கும் ஒரு வகை ஈயம் உண்டு. நூறு, நூற்றைம்பது வருடத்தில் அது அழிந்துவிடும். இந்தக் குழாயின் மேல் முனையில்கூட அது இல்லை.

"அப்ப நாம வாழ்ந்த வருசமெல்லாம் எங்க?"

"நம்ம கழனில நைனா."

கோடைதோறும் ஏரி வண்டலை டிராக்டரில் அள்ளி வயலில் கொட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்களுக்கு அதுதான் உரம். ஊரில் அண்ணனைவிட அதிகம் வண்டல் அடித்தவர் இல்லை. நெல் கருகிய வருடம், பயிர் தேறட்டும் என்று இன்னும் கூடுதலாக அடித்தார். கழனி மண்ணையும் அவள் சோதித்திருந்தாள். விகிதம் ஏறியிருந்தது. ஆனால் உழுது உழுது எல்லா வருடமும் ஒன்றாகக் கலந்துவிட்டது. உப்பு குட்டைக்கு முன்பே வந்ததா, பின்பா என்று பிரிக்க முடியாது.

"உப்பையும் நானே கொண்ணாந்து கொட்னனா?"



வக்கீல் சோதனைக் காகிதங்களைப் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். உப்பை நிலத்துக்காரரே கொட்டிக்கொண்டார் என்று எதிர்த்தரப்பு இதையே சாட்சியாக வைக்கும் என்றார். வழக்குப் போடவில்லை.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டார் அண்ணன். எடுத்தவர் அதே குட்டைக்காரர். வேறு யாரும் கேட்கவில்லை. குட்டை வெட்டப் பொக்லைன் வந்த அன்று நானும் போயிருந்தேன். மேல் மண்ணை வழித்து நான்கு பக்கமும் கரையாகக் குவித்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஓட்டுநரிடம் போய்க் கை காட்டிச் சொன்னார்:

"கரைய நல்லா ஒசரமா போடுபா. அடுத்தவங்க கழனிக்குத் தண்ணி போயிடப் போவுது."