எங்கள் லயத்தில் புகை எழாத நாள்

எனக்கு மூச்சு நன்றாக வருவது, எங்கள் லயத்தில் யாராவது இறந்துபோகும் நாட்களில்தான். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம் என்பது பன்னிரண்டு காம்பராக்கள், ஒரே கூரை. ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் வாசனை, ஒரு வீட்டில் சண்டை என்றால் பன்னிரண்டு வீடும் நீதிபதி. புகையும் அப்படித்தான் சுவரேறி வரும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற மிலாறுதான் எங்களுக்கு விறகு. மழைக்காலத்தில் அது காயாது, எரியாது, புகைய மட்டும் செய்யும். லயத்தில் சாவு விழுந்தால், உடலை எடுத்துக்கொண்டு போகும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சோறும் தேத்தண்ணியும் பக்கத்து லயத்திலிருந்து வரும்.

ஒன்பது வருடங்களுக்கு முன் எனக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், பிறகு கரண்ட் பிடித்தார்கள், கதிர் வைப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். போனது போனதுதான், ஆனால் வாடகைக்கு இருந்தவன் ஆணியும் பிடுங்காமல் சுவரையும் கெடுத்துவிட்டுப் போவதுபோலப் போனது. இடது கை வீங்கியே கிடக்கிறது. தைராய்டுக்கு ஒரு மாத்திரை, எலும்புக்கு ஒரு மாத்திரை. கரண்ட் பட்ட நுரையீரலில் தழும்பு. அதற்கு மேல், முப்பது வருடம் பிள்ளைக் காம்பராவில் அடுப்பு ஊதிய புகை வேறு நெஞ்சுக்குள் இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளுக்குப் பால் காய்ச்சுவதுதான் என் வேலையாக இருந்தது.

கிளினிக்கில் இருக்கும் சிங்கள டாக்டர் நல்ல மனுஷன். தெரிந்த தமிழில் சொல்வார்.

"அம்மா, புகை வேணாம். புகையில இருந்தா அடுத்த தடவ எங்களுக்கு ஒண்ணும் செய்ய ஏலாது."

சரிங்க டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வருவேன். எங்கள் வீட்டில் கரண்ட் அடுப்புதான். மற்றப் பதினொரு வீட்டை என்ன செய்வது? கேஸ் தட்டுப்பாடு வந்த வருடத்தில் எல்லாரும் மிலாறுக்குத் திரும்பினார்கள், அப்புறம் மாறவில்லை. கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்பதுதான் எனக்குப் பயம். இன்றைக்கு அடுப்பு ஊதுகிற பெண்களில் பாதிப்பேர் என் கையில் பால் குடித்தவர்கள். அவர்களிடம் போய், எனக்காகப் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு மலைக்கு வேலைக்குப் போங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

போன வருடம் லயத்தில் இரண்டு சாவு. இரண்டு தடவையும் நான் நன்றாக மூச்சு விட்டேன், முதுகைச் சாய்த்துத் தூங்கினேன். அதற்குப் பிறகு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாராவது காய்ச்சல் என்று படுத்தால் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். என்னை நானே திட்டிக்கொள்வேன். திட்டினாலும் அது நிற்காது.

இந்த ஐப்பசி மழையில் ஒரு நாள் விடியும்போது மூச்சு அடைத்துக்கொண்டது. கீழ் லயத்துத் தம்பி ஒருவர் த்ரீவீலர் ஓட்டுகிறார். என் வீட்டுக்காரர் என்னைச் சிவப்புக் கட்டம் போட்ட போர்வையில் சுற்றி அதில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வார்டில் இரண்டு நாள் மூக்கில் குழாயோடு கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். அவளுக்கும் நுரையீரல்தான். நாங்கள் அதிகம் பேசவில்லை, இரண்டு பேருக்கும் பேசுகிற அளவுக்குக் காற்று இல்லை. இரண்டாம் நாள் குளிரில் அவளுக்குப் பல் தந்தியடித்தது. என் போர்வையைக் கொடுத்தேன்.

"நாளைக்குத் தாரேங்க," என்றாள்.

மறுநாள் காலையில் என்னை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தபோது அவள் கட்டில் காலியாக இருந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. போர்வையையும் கேட்கவில்லை. மத்தியானத்துக்கு முன்பே டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரரின் போனில் முதல் நாளே சார்ஜ் தீர்ந்திருந்தது. ஹாலிஎல வழியாகப் போகும் பஸ்ஸில் வந்து எங்கள் சந்தியில் இறங்கினோம்.

சந்தியிலிருந்து லயத்துக்கு ஏற்றம். பத்தடிக்கு ஒரு தடவை நின்றேன். பாதி வழியில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். லயத்துக் கூரையில் ஒரு நூல் புகைகூட இல்லை.

"யாரோ போய்ட்டாங்க போல," என்றார் வீட்டுக்காரர்.

யார் என்று யோசிப்பதற்கு முன்னால் என் மனம் சந்தோஷப்பட்டது. கடவுளே, இன்றைக்கு நன்றாக மூச்சு விடலாம் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, நின்று இழுத்தும் பார்த்தேன். காற்று சில்லென்று அடிவரைக்கும் போனது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு போனது. அப்புறம்தான் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். கடைசிக் காம்பராவில் இருக்கும் வயதான அண்ணன்தான் என்று முடிவும் செய்துவிட்டேன்.

அந்த அண்ணன் எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த நாற்காலியைக் கீழே போட்டுவிட்டார்.

டென்ட் எங்கள் வாசலில் அடித்திருந்தது. பெஞ்சியில் என் படம், மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு. நல்ல படத்தைத்தான் எடுத்திருந்தார்கள், முடி கொட்டுவதற்கு முந்தியது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். எல்லார் கண்ணும் என் காலுக்குப் போனது. தரையில் படுகிறதா என்று பார்க்கிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நானும் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. காலையில் த்ரீவீலர் தம்பி வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். முகம் மூடி ஓர் உடலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேலே சிவப்புக் கட்டம் போட்ட போர்வை, மூலையில் பிள்ளைக் காம்பராத் துணியில் நான் போட்ட ஒட்டு. அவரே ஏற்றிக்கொண்டு போன போர்வை. எங்களுக்குப் போன் அடித்துப் பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை. அழுதுகொண்டே லயத்துக்குப் போன் பண்ணிவிட்டார்.

"யோவ், கிட்டப் போய் மொகத்தப் பாத்தா என்னய்யா?" என்று என் வீட்டுக்காரர் கூட்டத்தில் நின்ற அவர் சட்டையைப் பிடித்தார்.

"பாக்க மனசு வரலண்ணே," என்றார் அந்தத் தம்பி. நான் சட்டையை விடச் சொன்னேன்.

அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் போர்வைக்குள் போனவளுக்காக அப்புத்தளைப் பக்கம் ஏதோ ஒரு லயத்தில் இந்நேரம் அடுப்பு அணைந்திருக்கும். எனக்கு இங்கே ஒப்பாரி வைத்த நேரத்தில் அவளுக்கு யாராவது அழுதிருப்பார்களா என்றுகூடத் தெரியாது. அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றைக்கும் சில விடியற்காலைகளில் அவள் சுவருக்கு மேலே உள்ள இடைவெளியில் உட்கார்ந்து, போர்வையைப் போர்த்தியபடி என்னைப் பார்க்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா என் கையை விடவே இல்லை. வீங்கிய கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலித்தாலும் விடாமல், "தங்கச்சி, தங்கச்சி" என்று அதையே சொன்னார். பிறகு கேட்டார்.

"ஒனக்கு என்ன வேணும் சொல்லு. என்ன வேணும்னாலும் சொல்லு. செத்துப் பொழச்சு வந்திருக்க."

சுற்றிப் பதினொரு வீட்டு ஆட்களும் நின்றார்கள். பதினொரு அடுப்பும் காலையிலிருந்து எனக்காகக் குளிர்ந்து கிடந்தன. கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வராது. வாய் வரைக்கும் வந்தது. டாக்டர் சொன்னது அப்படியே நாக்கில் இருந்தது. அப்போது இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த குழந்தைகளைப் பார்த்தேன். பக்கத்து லயத்திலிருந்து வந்த சோறு போதவில்லை போலிருக்கிறது. காய்ந்த முகத்தோடு என்னையும் என் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுப்பப் பத்த வைங்கக்கா," என்றேன். "புள்ளைகளுக்குப் பசிக்கும்."

எல்லாரும் ஒரே நேரத்தில் கலைந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மிலாறு முறிக்கும் சத்தம் கேட்டது. அக்கா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஊதுவது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. பாற்சோறு பொங்கப்போவதாகச் சத்தம் போட்டுச் சொன்னார். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் கதவைச் சாத்தி, மூச்சுக்கு அடிக்கிற மருந்துப் பம்பை எடுத்து என் கையில் கொடுத்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புகை சுவருக்கு மேலே வந்தது. ஈரப் புகை. முதல் இருமலை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அப்புறம் நிற்காமல் வந்தது. பம்பை வாயில் வைக்கக்கூட இடைவெளி கிடைக்கவில்லை.

அந்தப் பக்கம் ஊதும் சத்தம் நின்றது.

"கேக்குதா?" என்று அக்கா யாரிடமோ சொன்னார். குரலில் அத்தனை சந்தோஷம். "இருமுறா பாரு. நம்ம புள்ளதான். உசுரோட இருக்கா."