எலும்பு ஒட்டாத கிண்ணம்

ஆபரேஷன் கருவிகளைக் கழுவி நீராவியில் வேகவைக்கும் அறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் அம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் குக்கர். வேலையும் அதுதான், குணமும் அதுதான். விசிலடிக்காமல் ஒருநாளும் போனதில்லை.

இடுப்பு மூட்டு மாற்றும் ஆபரேஷனில் உள்ளே வைக்கும் உலோகக் கிண்ணங்கள் அவளுக்கு அத்துப்படி. எலும்போடு சிமென்ட் வைத்து ஒட்டாத கிண்ணம் என்றால் அதன் வெளிமுதுகு சொரசொரவென்று இருக்கும். அதற்குள் எலும்பு வளர்ந்து இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பதினைந்து வருடம் உழைத்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தேய்ந்துபோய்க் கழற்றிய கிண்ணங்களைக் கழுவினால், அப்பியிருக்கும் எலும்பைத் தேய்த்தே கை ஓய்ந்துவிடும்.

நேற்று கழற்றி வந்தது, உள்ளே வைத்து மூன்றே வருடமான கிண்ணம். குழாயில் காட்டியதும் பளிச்சென்று ஆகிவிட்டது. துணுக்கு எலும்புகூட ஒட்டவில்லை. முதுகுப் பூச்சோ நகம் பட்டாலே உதிர்ந்தது. இந்த வருடத்தில் இதே கம்பெனியின் நாலாவது கிண்ணம் இது. குக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வார்டில் நடந்த பஞ்சாயத்து அதைவிட எரிச்சல். கிண்ணத்துக்கு உரியவள் ஒரு தையல்காரி. "ஓய்வா இருக்கச் சொன்னா மெஷினைப் போட்டு மிதிச்சிருக்கீங்க, அதான் ஆடிப்போச்சு" என்று டாக்டர் மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டார். புருஷனுக்கு அது போதாதா? "சொன்ன பேச்சு கேக்கமாட்டா சார்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தண்டோரா போட்டுக்கொண்டிருந்தான்.

இன்று காலை கம்பெனி ஆள் கையில் பையோடு வந்து நின்றார். கழற்றிய கிண்ணத்தை அவர் வாங்கிப்போவதும், அதன்பிறகு பேச்சுமூச்சே இல்லாமல் போவதும் வழக்கம். மூன்று முறை குக்கரே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"தர்றேன், பின்னாலயே வாங்க" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே வார்டுக்கு நடந்தாள்.

"வேகவெச்சுச் சுத்தம் பண்ணினதும்மா, பயப்படாம தொட்டுப் பாருங்க. எலும்பு ஒட்டவே இல்ல. பூச்சு நகத்தோட வருது! நீங்க மெஷின் மிதிச்சாலும் சரி, மகாராணி மாதிரி படுத்துக் கிடந்திருந்தாலும் சரி, இது ஆடத்தான் செஞ்சிருக்கும்."

தையல்காரி துணியின் தரம் பார்ப்பதுபோல் கட்டைவிரலால் நிதானமாகத் தடவினாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"மூணு மாசமா என்னைக் கரிச்சுக் கொட்டினீங்களே."

கம்பெனி ஆள் பையை நீட்டினார். "அம்மா, அது கம்பெனிக்குப் போகணும்."

"என் இடுப்புல இருந்தது. எங்கிட்டயே இருக்கட்டும்." தையல்காரி கிண்ணத்தை மடியில் இறுக்கிக்கொண்டு, மறுபக்க இடுப்பை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். "இந்தப் பக்கமும் போன வருஷம் இதையேதான் வெச்சாங்க. அதுக்கும் பை கொண்டுவந்திருக்கீங்களா?"