குப்பை என்று சொன்ன கூடு

ஆறுமுகநேரி உப்பளங்களுக்கு மேற்கே ஒரு நல்ல தண்ணீர்க் குளம். அதன் மடையைத் திறந்து அடைக்கிற வேலை தளவாய்க்கு. முப்பது வருஷத்தில் அங்கே இருக்கும் முக்குளிப்பானின் திருட்டுத்தனம் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. கைக்குள் அடங்குகிற பறவை. ஆள் தலை தெரிந்தால் முங்கி, எங்கேயோ கோரைக்குள் போய் மூக்கை நீட்டும். கால் உடம்பின் கடைக்கோடியில் இருப்பதால் கரையில் நாலடி நடக்கத் துப்பில்லை. கூடும் தண்ணீரில்தான். பாசியைக் குவித்துக் கோரையோடு பிணைத்து மிதக்கவிடும். இரைக்குப் போகும்போது ஈரப் பாசியால் முட்டைகளை மூடிவிட்டுப் போகும். பார்க்கிறவனுக்கு அது வெறும் குப்பை. கூடென்று கண்டு சொல்லத் தளவாயை விட்டால் அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பாவம், மனுசனுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

குளத்தில் படகு விடக் குத்தகை எடுத்த கிளைட்டன் ஒருநாள் டீக்கடையில் அவர் தோளில் கை போட்டான்.

"அண்ணாச்சி, இன்னைக்குப் பறவை பாக்க ஆபீசர் வாராவ. கூடு இருக்குன்னா கோரையைத் தொட விடமாட்டாவ. இல்லன்னு சொல்லிருங்க. ஒங்க மவளுக்கு ஹார்பர்ல ஆபீஸ் வேலை, நான் பொறுப்பு."

மகள் சந்தனச்செல்வி பி.காம் முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். தளவாய் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார்.

அதிகாரி குளத்தங்கரைக்கு வந்ததும் பறவை முங்கிவிட்டது. அவர் நேராகக் கூட்டையே கை காட்டி, "அது என்ன?" என்றார். உள்ளே நாலு முட்டை. முந்தின நாள்தான் தளவாய் பார்த்திருந்தார்.

"குப்பை சார். மழைத் தண்ணியில அடிச்சிட்டு வந்தது."

வெட்கங்கெட்ட நாக்கு, கொஞ்சமாவது குழறியதா? இல்லையே! தளவாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரே அதிகாரியிடம் சொல்லியிருந்தது. அவரும் அதையே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஜேசிபி வந்து கோரையை வாரிக் கரையில் கொட்டியது. கூடு இருந்த இடத்தில் பறவை முங்கியது, எழுந்தது, மறுபடி முங்கியது. மத்தியானம் வரை தளவாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். 'ஏலே, நீயெல்லாம் ஒரு மனுசனா' என்று தன்னையே ஏசிக்கொண்டார்.

கிளைட்டனுக்குப் போன் போட்டார். "அந்த வேலைக்கு வேற ஆளு வந்துட்டு அண்ணாச்சி. அடுத்த தடவ பாப்போம்" என்று வைத்துவிட்டான்.

வீட்டில் சந்தனச்செல்வி சோறு போட்டாள். வருஷா வருஷம் கேட்பதைத்தான் கேட்டாள்.

"எப்பா, இந்தத் தடவ எத்தன முட்ட?"

"ஏளா, இந்த வருசம் அது கூடே கட்டல."

அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பிவிட்டாள்.