ஆதம்லெவ்வையின் மாடித் தளத்து ஓட்டை

எண்பதுகளின் தொடக்கம். சாய்ந்தமருது நெல் வணிகர் ஆதம்லெவ்வையின் மாடிவீட்டிற்குத் தச்சனான என்னை அழைத்திருந்தனர். மாடியின் பலகைத் தளத்தில் ஒரு சாண் ஓட்டை. அதன்வழியே கீழ்த்தளத்து நெல்மூடைகள் தெரிந்தன. அவ்வீடு அவருடைய மூத்த மகளுக்குச் சீதனம். மூன்று நாளில் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வரவிருந்தனர். வீட்டில் குறை கண்டால் சம்பந்தம் குலையும்.

"பெட்டகத்த இழுக்கக்குள்ள பலகை முறிஞ்சிட்டு, ஓடாவியார். ஒரு துண்டப் போட்டு ஆணிய அடிங்க, போதும்," என்றார் ஆதம்லெவ்வை.

நான் நம்பவில்லை. முறிந்த பலகையில் சிம்பு நிற்கும். இதன் விளிம்போ விரல் பட்டதும் மாவாய் உதிர்ந்தது. பலகையைத் தாங்கிய உத்தரமான தீராந்தியையும் கறையான் தின்றிருந்தது. அறிந்தே மறைக்கிறார் என்று முடிவுசெய்தேன்.

வைரம் பாய்ந்த மரம் தென்படும்வரை அறுத்தேன். ஓட்டை ஒரு பாயளவாயிற்று.

"சாணளவு ஓட்டைய அடைக்கக் கூப்பிட்டா, நீங்க கிணறு வெட்டுறீங்க! உண்மையச் சொல்லுங்க, மாப்புள்ள ஊட்டார் அனுப்பியா வந்தீங்க?"

"அவங்க ஆரெண்டே எனக்குத் தெரியா, ஹாஜியார்."

"ஓம் ஓம், கேட்டா அப்பிடித்தான் சொல்லுவீங்க."

அன்றுமுதல் சுவரோரம் கதிரையைப் போட்டமர்ந்து என் கைகளையே கண்காணித்தார். பக்கத்துத் தீராந்திகளுக்கிடையே இரண்டு குறுக்குச் சட்டங்களைப் பொருத்தி, அறுபட்ட தீராந்தியின் முனைகளை அவற்றில் ஏற்றி, நடுவே புதுத் துண்டை இறக்கினேன். மேற்பலகைகளை ஆணியால் அறையாமல் திருகாணியால் இறுக்கினேன். பின்னாளில் அவர் என்மீது பழி கூறினால் திறந்துகாட்ட வேண்டுமல்லவா? அவரோ அதன்மேல் சாயம் பூசிப் பாயை விரித்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் எனக்கு ஆளனுப்பினார்கள். வீடு பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் அந்தப் பாயின்மேல் நின்று காலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஊடு முழுக்கப் பலகை முனகுது. இஞ்ச மட்டும் கல்லு மாதிரி இரிக்கி. எதை மறைச்சிரிக்கீங்க?"

"ஒண்டுமில்ல மச்சான், பழைய பலகைதான்..." ஆதம்லெவ்வைக்கு வியர்த்தது.

கதவுச் சீலைக்குப் பின்னிருந்து மணப்பெண்ணின் குரல் வந்தது: "வாப்பா, கழட்டிக் காட்டச் சொல்லுங்க. நாளைக்கி நான்தானே அதுக்கு மேல நடக்கப்போறன்."

திருகாணிகளைக் கழற்றினேன். தாய்மாமன் குனிந்து சட்டங்களைத் தடவிப்பார்த்தார்.

"வேலை சுத்தம். மத்தத் தீராந்திகளையும் பாத்தீங்களா, ஓடாவியார்?"

நான் பார்க்கவில்லை. மூன்று நாளும் வீட்டுக்காரரை ஐயுற்றேனேயன்றி எஞ்சிய மரங்களை ஐயுறவில்லை. நாணத்துடன் துறப்பணத்தை எடுத்து ஒவ்வொன்றாகத் துளைத்தேன். உலர்ந்த மரச்சுருள்களே வந்தன. சுவரோரத்துக் கடைசித் தீராந்தியில் மட்டும் மாவு கொட்டியது.

"சத்தியமா எனக்குத் தெரியா, மச்சான்!" என்று ஆதம்லெவ்வை கதறினார்.

தாய்மாமன் என்னைப் பார்த்தார். அந்தத் தீராந்திக்கு நேர்மேலேதான் ஆதம்லெவ்வையின் கதிரை நின்றது.

"அவருக்குத் தெரியாதுதான்," என்றேன். "தெரிஞ்சா மூணு நாளா அதுக்கு மேல குந்தியிருப்பாரா?"

தாய்மாமன் முதன்முறையாகச் சிரித்தார். "அப்ப அதையும் இதே மாதிரிச் சட்டம் போட்டு மாத்துங்க. மறுகா கலியாணத்துக்கு நாள் குறிப்பம்."

இத்தொழிலுக்கு வரும் இளையோரே, முதல்நாளே எல்லாத் தீராந்திகளையும் துளைத்துப் பாருங்கள். வீட்டுக்காரரைச் சந்தேகிக்க அதன்பிறகும் நேரமிருக்கும்.