தார்ப்பாய்க்கு மருந்தடிக்கும் அர்த்தனாரி

லாரி நிற்பதற்கு முன்பே அர்த்தனாரி தெளிக்கத் தொடங்கிவிட்டார். முதுகில் மருந்து டேங்க், கழுத்தில் விசில், காதிடுக்கில் பேனா. இறுகக் கட்டிய தார்ப்பாயின் மேல் இடமிருந்து வலமாக ஒரு வீச்சு, வலமிருந்து இடமாக ஒரு வீச்சு. அவிழ்க்கவில்லை, உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை. "ரைட்டு, போலாங்க" என்று விசில் ஊதினார். அந்தத் தார்ப்பாயை இனி எந்தப் பூச்சியும் அண்டாது.

கொல்லிமலை ஏறும் பாதையில், முதல் கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே இருக்கிறது அவருடைய தகரக் கொட்டகை. கடல் தாண்டி வந்த மாவுப்பூச்சி மரவள்ளிக் காடுகளைச் சூறையாடிய பிறகு, வெளியூரிலிருந்து மலைக்கு வரும் நடவுக் குச்சிகளைச் சோதித்துத்தான் விட வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. சோதிக்க ஆள் இல்லை. லாரிக்காரர்கள் சங்கம் பெருந்தன்மையோடு முன்வந்தது. அதாவது, சரக்கைச் சீக்கிரம் தள்ளிவிட வேண்டியவர்களே சரக்கை நிறுத்திப் பார்ப்பார்களாம். இதற்குக் 'கூட்டு ஒத்துழைப்பு மையம்' என்று பெயர் சூட்டி, பலகை மாட்டி, கேசரி கொடுத்தார்கள். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த அர்த்தனாரி, கேசரி தின்ற கையோடு பரிசோதகர் ஆனார்.

"எல்லாம் ஒரு கோவாப்பரேசன் தானுங்க" என்பது அவர் வாயில் எப்போதும் கிடக்கும் வாசகம். வெள்ளிக்கிழமைதோறும் வேளாண் துறை அதிகாரி வருவார். 'பூச்சி இல்லை' என்று அச்சடித்த ஐம்பது படிவங்களில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். பூச்சி இருந்தால் எந்தப் படிவம் என்று கேட்டேன். அர்த்தனாரி உண்மையாகவே யோசித்தார்.

"அப்பிடி ஒண்ணு அச்சடிக்கவே இல்லீங்களே."

டேங்கில் இருப்பதும் மருந்து அல்ல. அது தீர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. தண்ணீரில் இரண்டு மூடி பினாயில் கலக்கிறார். "வாசம் வரணுமில்லீங்க? வாசம் இல்லீனா டிரைவருக்கே நம்பிக்கை வராதுங்க" என்கிறார். வாசம் என்னவோ பிரமாதமாகத்தான் இருக்கிறது. எதிர்ப்புற டீக்கடையில் உட்கார்ந்து நான் தின்ற வடைகூட ஆஸ்பத்திரி வராந்தாவாக மணத்தது.

ஆனால் மரவள்ளி விஷயத்தில் மனிதர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. கொட்டகைக்குப் பின்னாலேயே அவருடைய இரண்டு ஏக்கர் நிற்கிறது, இடுப்பு உயரத்துக்கு, ஒரு குருத்துகூடச் சுருளாமல். சுற்றுவட்டாரமே காய்ந்த வருடத்திலும் அவர் காடு தப்பித்ததாம். எப்படி என்று கேட்டதற்குக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "வெளிக்குச்சி நான் வாங்க மாட்டனுங்க."

அன்று மத்தியானம் மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டிலிருந்து பழனாயி என்ற பெண் பஸ்ஸில் இறங்கி வந்தார். போன வருடம் அவருடைய ஒன்றரை ஏக்கர் மரவள்ளியும் மாவுப்பூச்சிக்கே போனது. இந்த வருடம் உறவினர் காட்டில் ஒவ்வொரு குச்சியாகப் பார்த்துப் பொறுக்கி நட்டிருக்கிறார். இப்போதுதான் நாலு இலை விட்டிருக்கிறது. பக்கத்துக் காட்டுச் சென்றாயனுக்கு இன்று வெளியூர்க் குச்சி வருகிறது என்று கேள்விப்பட்டு, லாரியைக் கீழேயே பிடிக்க ஓடி வந்திருந்தார்.

லாரி வந்தது. அர்த்தனாரி வழக்கம்போல் இரண்டு வீச்சு வீசினார்.

"ஏனுங்க, அவுத்துப் பாருங்க."

"மருந்து அடிச்சாச்சு அம்மணி."

"மேலதான அடிச்சீங்க? பூச்சி உள்ள இருக்குமுங்க."

"மருந்து உள்ள எறங்குமில்ல?"

பழனாயி தார்ப்பாய் இடுக்கில் கையை விட்டு ஒரு குச்சியை உருவினார். கணுவுக்குக் கணு வெள்ளை மாவாக அப்பியிருந்தது. அதை அர்த்தனாரியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"சுண்ணாம்புத் தூசி. போன லோடு சுண்ணாம்பு ஏத்தியிருப்பான்" என்றார் அர்த்தனாரி.

"போன லோடு வைக்கோலுங்க" என்றார் டிரைவர், கேட்காமலே. அர்த்தனாரி அவரை முறைத்தார்.

"சென்றாயன் காட்டுக்கும் என் காட்டுக்கும் நடுவால ஒத்த வரப்புங்க. போன வருசம் ஒரு கெழங்கு தோண்டல. இந்த வருசமும் போச்சுன்னா ஊட்டப் பூட்டிட்டுத் திருப்பூருக்குத்தான் போவணும். ஒருக்கா அவுத்துப் பாத்துட்டுத் திருப்பி அனுப்புங்க சாமி."

"கோவாப்பரேசன் பண்ணு அம்மணி. ரோட்ட மறிக்காத."

விசில் ஊதினார். லாரி மலை ஏறியது. நானும் அதை மறிக்காமல் டீக்கடையிலேயேதான் நின்றேன், அதையும் எழுதிவிடுகிறேன். பழனாயி அந்தக் குச்சியைக் கொண்டுபோய் அர்த்தனாரியின் மேசைமேல், கையெழுத்திட்ட படிவங்களின் மேலேயே வைத்தார். "சுண்ணாம்புதானுங்களே, உங்க காட்டுலயே நட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு மேலே போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

பஸ் வளைவில் மறையும்வரை அர்த்தனாரி மேசையை நெருங்கவில்லை. பிறகு ஒரு 'பூச்சி இல்லை' படிவத்தை உருவி, அதனால் குச்சியைச் சுற்றிப் பிடித்து, கையை உடம்பிலிருந்து எட்ட நீட்டியபடியே ரோட்டைக் கடந்து வந்தார். டீக்கடை விறகடுப்பில் இரண்டையும் போட்டார். சாம்பலாகும்வரை நின்று பார்த்தார். கடைக்காரரிடம் சோப்பு வாங்கி முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். கொட்டகையைப் பூட்டிவிட்டுத் தன் காட்டு வரப்பருகே போனவர், காலெடுத்து வைக்கும் முன் நின்றார். சட்டையைக் கழற்றி, மலைப் பக்கமாகத் திரும்பி, மூன்று முறை உதறினார்.