பூதத்தைத் திட்டிய ஞாயிறு

சேவியரின் மந்திரவாதியை நான் சாகவிடவில்லை. பாளையங்கோட்டையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கண்ணாடி மேசையில் பகடையை உருட்டிக் காப்பாற்றினேன்.

அந்தப் பகடை கண்ணாடியில் உருளும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இருபது முகம் அதற்கு. சட்டென்று நிற்காது... நிற்கும்வரை மூன்று பேரும் வாய் திறக்கமாட்டோம்.

அப்போது நான் டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளலாமே என்று செல்வி அக்காவின் சென்டரில் சேர்ந்தேன். அக்காவுக்கு என்னைவிட நாலு வயதுதான் கூட. சேவியர் என்னோடு அங்கே படித்தவன். உவரிப் பக்கம் ஊர். கப்பல் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். ஞாயிறு சென்டருக்கு லீவு. பெங்களூரில் வேலை பார்த்தபோது பழகிய ஒரு விளையாட்டை அக்கா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கம்ப்யூட்டர் விளையாட்டு இல்லை. ஆளுக்கு ஒரு தாள். அதில் நம் ஆளை நாமே உருவாக்க வேண்டும். பெயர், பலம், வேகம், எவ்வளவு அடி தாங்குவான், கையில் என்ன ஆயுதம்... எல்லாம். அக்கா கதை சொல்லுவார். நம் ஆள் என்ன செய்கிறான் என்று நாம் சொல்ல வேண்டும். பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். ஆள் செத்தால் அக்கா தாளைக் கிழித்துவிடுவார். தயவே கிடையாது.

என் முதல் ஆளுக்கு, பகடையில் கிடைத்த எண்களில் பெரியதைப் பலத்தில் போட்டு, பெரிய கோடரி ஒன்றும் கொடுத்தேன். இரண்டாவது வாரமே தாள் கிழிந்தது.

அடுத்தவனை யோசித்துச் செய்தேன். பெயர் மாடசாமி. கிடைத்த எண்களில் பெரியதை அடி தாங்குவதற்குப் போட்டேன். இரும்புச் சட்டையும் கேடயமும் வாங்கியது போக மிச்சக் காசுக்கு ஒரு கம்புதான் வந்தது. மேசையில் அவனுக்கு அடையாளமாகக் கடையிலிருந்து ஒரு பெரிய இரும்பு நட்டைக் கொண்டுவந்து வைத்தேன்.

சேவியர் சிரித்த சிரிப்பு...

"ஏலே, சண்டைக்குப் போறியா, மாடு மேய்க்கப் போறியா?"

"நீ சிரி வே. கடைசில எவன் நிக்குதான்னு பாப்போம்."

முதலில் சொன்ன அந்த ஞாயிறுதான் சேவியருக்குக் கடைசி ஞாயிறு. செவ்வாய்க்கிழமை மும்பைக்கு ரயில். வந்ததுமே சொல்லிவிட்டான்: "ஆளு உயிரோட இருந்தாம்னா தாள மடிச்சு கப்பலுக்குக் கொண்டுபோவேன். திரும்பி வந்து ஆடுவேன். செத்தாம்னா இதோட சரி மக்கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவின் கதையில் குகைக்குள் பூதம் வந்தது. நான் கேடயத்தோடு முன்னால் நின்றேன். பூதம் என்னைச் சுற்றிக்கொண்டு போய், பின்னால் நின்ற சேவியரின் மந்திரவாதியை அடித்தது. அடி தாங்கும் பலம் அவனுக்குப் பத்தில் மூன்றுதான் மிச்சம். இன்னொரு அடி விழுந்தால் முடிந்தது.

"என்னக்கா இது? முன்னால நான் நிக்கேன்லா?"

"உன்ன அது எதுக்குலே அடிக்கணும்? நீ அத என்ன செஞ்ச? இரும்ப மாட்டிக்கிட்டு சும்மா நிக்க."

சுரீர் என்றது. சாகாத ஆளைச் செய்திருந்தேன்... யாருக்கும் ஒரு பொருட்டில்லாத ஆளாகவும் செய்திருந்தேன்.

நட்டைப் பூதத்துக்கும் சேவியருக்கும் நடுவில் நகர்த்தினேன். நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"ஏலே தடிமாடு! அந்த ஒல்லிப்பயல அடிச்சா ஊர்ல எவம்லே உன்ன மதிப்பான்? உன் கல்யாணத்துல மொய் எழுதாம மூணு பந்தி சாப்ட்டவன் நாந்தாம்லே! ஆம்பளன்னா இங்கன வா!"

அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, பூதத்துக்குக் கோவம் வருதான்னு பாப்போம். பதினஞ்சுக்கு மேல போடு" என்றார்.

பதினேழு.

பூதம் திரும்பியது. முதல் அடியிலேயே கேடயம் போனது.

"ஓடுலே சேவியர்!"

"நீ என்ன செய்வ?"

"நான் தாங்குவேன். வாயப் பாத்துக்கிட்டு நிக்காத, போ!"

இன்னும் இரண்டு அடி. முப்பத்தாறில் நாலு மிச்சமிருக்கும்போது சேவியர் குகைக்கு வெளியே இருந்தான். நானும் பின்பக்கமாகவே நடந்து வந்து சேர்ந்தேன். சேவியர் தன் தாளை நாலாக மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தான்.

பிறகு கங்கைகொண்டானில் அட்டைப்பெட்டி வியாபாரம் தொடங்கினேன். கடன் இல்லை, வாடகை குறைவு, எவ்வளவு நாளானாலும் தாங்குவேன் என்று ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஒருநாள் அக்கா கேட்டது ஞாபகம் வந்தது. நீ அத என்ன செஞ்ச? மறுநாளே மாதிரிப் பெட்டிகளைப் பைக்கில் கட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போய் நின்றேன். வாயும் கொஞ்சம் உதவியது. இன்று என்னிடம் பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள்.

இதை அக்காவிடம் சொன்னபோது, "நீ பேசுன பேச்சுக்கு அன்னைக்கு நான் பன்னெண்டுதான் கேட்டிருக்கணும்" என்றார்.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை; அக்கா பெங்களூருக்கே திரும்பிப் போய்விட்டார். என் மகன் போனில் அரை நிமிடத்தில் ஒரு வீரனைத் தேர்ந்தெடுக்கிறான். செத்தால் அந்த வீரன் உடனே எழுந்துவிடுகிறான். குறை சொல்லவில்லை... ஆனால் கிழிந்தால் கிழிந்ததுதான் என்று ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்த நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

போன வாரம் சேவியர் லீவில் வந்தான். பழைய தாளோடு புது ஆட்டம் தொடங்கலாம், அக்கா பெங்களூரிலிருந்து வீடியோ காலில் வருவார் என்றான்.

"முன்னால நிக்க ஆள் வேணும். வாரியளா அண்ணாச்சி?" என்று கிண்டலாகக் கேட்டான்.

ஆட்டத்தில் கிடைக்கும் புதையலில் பாதி கேட்டேன். கால் பங்கு என்றான். டீ குடித்து முடிப்பதற்குள் பேசி முடித்தோம்: மாதத்தின் முதல் ஞாயிறு, மதியம் மூன்று மணி. அடி முழுவதும் எனக்கு. புதையலில் மூன்றில் ஒரு பங்கு, அதோடு கிடைக்கிற முதல் மருந்துக் குப்பி.